தண்டுக்கு ஏற்ற பேரிங் எது?

முப்பரிமாண அச்சு இயந்திரம் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா, மாணவர்களே? உருகிய பிளாஸ்டிக்கைப் பிழியும் அதன் தலைப்பகுதி, பளபளப்பான எஃகுத் தண்டுகளின் மேல் இடமும் வலமுமாக ஓடும். அச்சாகும் ஓர் அடுக்கின் தடிமன் பெரும்பாலும் 0.2 மில்லிமீட்டர்தான். தலை சற்றே சிக்கித் தயங்கினாலும், அச்சான பொருளில் அது கோடாகத் தெரிந்துவிடும்.

தலையைத் தண்டின் மேல் ஓடவிடுவது, சிறு குழாய் போன்ற பேரிங். அதில் இரண்டு வகை உண்டு.

முதலாவது, குண்டு பேரிங். இதற்குள் எஃகுக் குண்டுகள் வரிசையாக உள்ளன. அவை தண்டின் மேல் உருண்டு முனைக்குச் சென்று, வேறொரு பாதை வழியாகத் திரும்பி வந்து மீண்டும் உருளும். ‘எல்எம்8யுயு’ இவற்றில் பரவலானது. இதன் உள்விட்டம் 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 15, நீளம் 24.

இரண்டாவது, குண்டு இல்லாத வழுக்கு பேரிங். பிளாஸ்டிக்காலோ, நுண்துளைகளில் எண்ணெய் ஊறிய வெண்கலத்தாலோ ஆனது.

உருள்வதில் உராய்வு மிகக் குறைவு. அப்படியானால் எப்போதும் குண்டு பேரிங்கே சிறந்ததா? இல்லை. குண்டு, தண்டை ஒரு சிறு புள்ளியில்தான் தொடுகிறது. எடை முழுவதும் அங்கே இறங்குவதால் அழுத்தம் மிக அதிகம். எனவே தண்டு, வெப்பப் பதப்படுத்திக் கடினமாக்கிய எஃகாக இருக்க வேண்டும். சாதாரணத் துருப்பிடிக்காத எஃகும் பளபளக்கும். ஆனால் அது மென்மையானது. நாளடைவில் குண்டுகள் அதில் பள்ளம் பதித்துவிடும். பிறகு ஓட்டம் கரகரக்கும். மென்மையான தண்டுக்குப் பிளாஸ்டிக் வழுக்கு பேரிங்கே பொருந்தும். அது தண்டைப் பரவலாகத் தொடுவதால் அழுத்தம் குறையும், எண்ணெயும் தேவையில்லை.

தண்டு எந்த வகை என்று அறிய, ஆசிரியர் துணையுடன் அதன் முனையில் அரத்தால் உரசிப் பாருங்கள். கடின எஃகில் அரம் வழுக்கும். மென்மையான எஃகில் கீறல் விழும்.

பேரிங் சரியாக இருந்தும் தலை சிக்குகிறதா? மேசை இழுப்பறையை ஒரு மூலையில் மட்டும் பிடித்து இழுத்துப் பாருங்கள், கோணலாகி மாட்டிக்கொள்ளும். இங்கும் அதே கதைதான். தள்ளும் விசை தண்டிலிருந்து தள்ளி இருந்தால், பேரிங்குகள் சாய்ந்து தண்டை நெரிக்கும். வழுக்கு பேரிங்கின் உராய்வு எண் 0.25 என்று கொள்வோம். ஒரே தண்டில் உள்ள இரு பேரிங்குகளுக்கு இடைவெளி 5 சென்டிமீட்டர் என்றால், விசை தண்டிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளிப் போனதும் தலை அசையாது. எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் பயனில்லை. விசை கூடக் கூட உராய்வும் அதே அளவில் கூடும். பேரிங்குகளைத் தள்ளித் தள்ளிப் பொருத்துவதும், விசையைத் தண்டுக்கு அருகே கொண்டுவருவதுமே தீர்வு.

ஆகவே, பேரிங் வாங்கும்முன் தண்டைச் சோதியுங்கள்; பிறகு இடைவெளியை அளந்து பாருங்கள்.