தைலம் தேய்க்கும் முன் ஒரு எக்ஸ்ரே

பெரிய ஜாதி நாய் காலைத் தாங்கி நடந்தால் நம் வீடுகளில் முதல் தீர்ப்பு சுளுக்குதான். மாடிப்படியில் குதித்திருக்கும், பூனையைத் துரத்தியிருக்கும் என்று காரணமும் உடனே கிடைத்துவிடும். தைலம் தேய்ப்பார்கள், மஞ்சள் பற்றுப் போடுவார்கள், மருந்துக் கடையில் ஒரு வலி மாத்திரை வாங்கிச் சோற்றில் பிசைந்து கொடுப்பார்கள். நொண்டல் கொஞ்சம் குறையும், பிறகு திரும்பவும் வரும். இப்படியே வாரங்கள் ஓடியபின் எடுக்கும் எக்ஸ்ரேயில் எலும்பு அரித்துப்போயிருப்பது தெரியவரும் வீடுகள் உண்டு.

நாய்களுக்கு எலும்பிலேயே தோன்றும் புற்றுநோயில் பெரும்பங்கு, ஏறத்தாழ 85 சதவீதம், ஆஸ்டியோசார்கோமா என்ற ஒரே வகை. கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட், ராட்வைலர், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட், லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் என்று உயரமும் எடையும் கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது. 15 கிலோவுக்குக் குறைந்த நாய்களில் இது அரிது. பெரும்பாலும் ஏழு வயதை ஒட்டியோ அதற்கு மேலோ வரும் என்றாலும், ஒன்றரை, இரண்டு வயது இளம் நாய்களிலும் ஒரு சிறு கூட்டத்தைப் பிடிக்கிறது. "சின்ன நாய்தானே, இதுக்கெல்லாம் வராது" என்று வயதைக் காட்டித் தள்ளிப்போட முடியாது.

முக்கால்வாசி நாய்களுக்குக் கால்களில்தான் வருகிறது, பின்காலைவிட முன்காலில் இருமடங்கு. வரும் இடமும் பெரும்பாலும் நிலையானது. முன்காலில் மணிக்கட்டுக்குச் சற்று மேலே அல்லது தோளை ஒட்டி, பின்காலில் முழங்காலுக்கு மேலும் கீழும். இரண்டு முன்கால்களையும் ஒரே நேரத்தில் இரு கைகளால் பிடித்து, மணிக்கட்டுக்கு மேல் விரலை மெல்ல ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தடித்து, கல் போலக் கெட்டியாக, தொட்டால் நாய் காலை இழுத்துக்கொண்டால் அது தைலத்துக்கு உரிய இடம் அல்ல. அழுத்தித் தேய்ப்பதும் நாட்டுக்கட்டு போடுவதும் அரித்துப்போன எலும்பை உடைத்துவிடக்கூடும். இந்த நோயில் வெறும் நடையிலேயே எலும்பு முறிவதுண்டு, அப்படி முறிந்தது கூடுவதும் இல்லை.

நாய் கத்தவில்லை, அதனால் வலி இல்லை என்பது இந்த நோயில் மிகப் பெரிய தவறான கணக்கு. எலும்பை உள்ளிருந்து தின்று, அதன் மேலுறையை இழுத்துப் பிடிக்கும் கட்டி இது. வலி ஓயாது. நாய் அதைக் கத்திக் காட்டுவதில்லை. ராத்திரி படுத்த இடத்தில் நிலைகொள்ளாமல் மாறி மாறிப் படுக்கும், வெயில் இல்லாத நேரத்திலும் மூச்சிரைக்கும், ஒரே இடத்தை நக்கிக்கொண்டிருக்கும், குழந்தை தொட்டால் உறுமும். "வயசாயிடுச்சு, சிடுசிடுங்குது" என்று நாம் சொல்வதில் பாதி, வலியாக இருக்கும்.

எக்ஸ்ரேயில் பூச்சி அரித்த மரம் போல எலும்பு ஒரு பக்கம் தெரியும், பக்கத்திலேயே புது எலும்பு முள்முள்ளாகக் கிளம்பியிருக்கும். பூஞ்சை, கிருமித் தொற்றுகளும் ஏறக்குறைய இப்படித் தோன்றலாம் என்பதால் ஊசியால் செல்களை உறிஞ்சியோ பயாப்சி எடுத்தோ உறுதிசெய்வார்கள். கூடவே நெஞ்சு எக்ஸ்ரே, அதுவும் மூன்று கோணங்களில். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நெஞ்சுப் படம் சுத்தமாக இருந்தால் பரவவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கண்டுபிடிக்கும் நேரத்தில் நுரையீரல் படத்தில் கட்டி தெரியும் நாய்கள் பத்தில் ஒன்று, ஒன்றரை இருக்கலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவில் பரவல் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட நாய்களில் ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்பதே மருத்துவம் அறிந்த உண்மை.

அதனால் சிகிச்சை பற்றிப் பேசும்போது மருத்துவரிடம் எண்களைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. காலை மட்டும் எடுத்தால் நாய்களில் பாதி நாலைந்து மாதத்துக்குமேல் இருப்பதில்லை. காலை எடுத்து, கார்போபிளாட்டின் போன்ற கீமோவும் கொடுத்தால் அந்தப் பாதிக் கணக்கு பத்து மாதம், ஒரு வருடம் என்று நீளும். ஐந்தில் ஒரு நாய் இரண்டு ஆண்டைத் தொடும். முழுக் குணம் என்று யாராவது உறுதி கொடுத்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம். ஆயுர்வேதக் கஷாயத்துக்கும் ஆன்லைனில் விற்கும் 'கட்டி கரைக்கும்' பொடிக்கும் இதே விதி.

"மூணு காலை வெச்சுக்கிட்டு அது என்ன பண்ணும்?" என்று அக்கம்பக்கம் கேட்கும். அடுத்தவர் பார்வையில் நாம் படும் கூச்சம் நாய்க்குக் கிடையாது. மற்ற கால்கள் நன்றாக இருந்து, உடல் பெருத்திருக்காவிட்டால், பெரும்பாலான நாய்கள் அறுவை முடிந்து சில நாள்களிலேயே மூன்று காலில் நடக்கப் பழகிவிடுகின்றன. காலை எடுப்பது தண்டனை என்ற எண்ணம்தான் வீட்டில் பலரைத் தடுக்கிறது. வலியின் மூலத்தையே அகற்றும் வழி அது என்பதைச் சொல்ல ஆள் இல்லை. ஆனால் இடுப்பு மூட்டு ஏற்கெனவே தேய்ந்த நாய்க்கும், நுரையீரல் முழுக்கக் கட்டி பரவிய நாய்க்கும் இந்த அறுவையை நான் பரிந்துரைக்க மாட்டேன், நல்ல மருத்துவரும் மாட்டார்.

கீமோ என்றதும் மனிதர்கள் படும் பாடு நினைவுக்கு வரும். நாய்களுக்குக் கொடுக்கும் அளவும் நோக்கமும் வேறு. பெரும்பாலான ஜாதிகளுக்கு முடி கொட்டுவதில்லை. ஓரிரு நாள் வாந்தி, பேதி, சோர்வு வரலாம். வழக்கமாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை, நான்கு முதல் ஆறு தவணை, ஒவ்வொன்றுக்கும் முன் ரத்தப் பரிசோதனை. மருந்து ஏற்றிய பிறகு இரண்டு மூன்று நாள் அதன் சிறுநீரையும் மலத்தையும் கையுறை போட்டே அள்ள வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கம் போகக் கூடாது. இதை மருத்துவமனையில் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

அறுவை முடியாது, பணமும் இல்லை என்றால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம் இல்லை. வலியைக் கட்டுப்படுத்துவதே ஒரு முழுச் சிகிச்சை. மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் போன்ற வீக்கம் குறைக்கும் மருந்துகள், நரம்பு வலிக்குக் கேபாபென்டின், எலும்பு அரிப்பை மட்டுப்படுத்தப் பாமிட்ரோனேட் அல்லது ஜோலெட்ரோனேட் டிரிப்ஸ் என்று இரண்டு மூன்றைச் சேர்த்துக் கொடுப்பார்கள். ஒரே மாத்திரையில் இந்த வலி அடங்காது. இப்படி வைத்துக்கொள்ளும் காலம் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம்தான் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். ட்ரமடால் என்ற வலி மருந்து 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டதால் மருந்துச்சீட்டு இல்லாமல் கடைக்காரர் தர மாட்டார். சீட்டில் நாயின் விவரம், மருத்துவரின் பதிவு எண், முத்திரை எல்லாம் இருக்கிறதா என்று மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்கவே திறக்காதீர்கள். ஐபுப்ரோஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் வயிற்றில் புண் உண்டாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாரசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைத் தாக்கும். மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் ஊசியோ 2006-லேயே கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டது. அந்த மருந்து தங்கிய மாட்டின் பிணத்தைத் தின்று பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டமாகச் செத்தது தெரிந்த பிறகுதான் தடை வந்தது. மெலாக்சிகாம் கொடுக்கும்போது பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு சேரவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் இரைப்பை ஓட்டையாகிவிடும் ஆபத்து உண்டு. ஒரு மருத்துவர் மெலாக்சிகாம் எழுத, விவரம் தெரியாத இன்னொருவர் ஸ்டீராய்டு ஊசி போட்டுவிட இடமுண்டு. பழைய சீட்டைக் கையோடு கொண்டு போவது அதற்காகத்தான். மலம் தார் போலக் கறுத்தாலோ, சோற்றை மறுத்து வாந்தி எடுத்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே தொலைபேசியில் கேளுங்கள். இனிப்புக்குச் சைலிட்டால் சேர்த்த சிரப்புகள் நாய்க்கு விஷம், லேபிளைப் படியுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை செலவில்லாதவை. வழுவழுப்பான டைல்ஸ் தரையில் கோணியோ ரப்பர் பாயோ விரியுங்கள், மூன்று காலில் நிற்பவனுக்கு வழுக்கல்தான் முதல் எதிரி. மாடிப்படிக்குத் தடுப்பு. எழும்போது வயிற்றின் கீழ் ஒரு குளியல் துண்டைக் கொடுத்துத் தூக்கிவிடலாம். எடை ஏற விடாதீர்கள், பாவம் என்று பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பது மிச்சக் கால்கள் மேல் சுமை ஏற்றுவதே. தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று வாரம் இருமுறை எண்ணிக் குறித்து வையுங்கள். 30-ஐத் தாண்டிக்கொண்டே போனால் நுரையீரலைப் பார்க்கச் சொல்ல வேண்டிய நேரம்.

இனி சட்டம். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, தன் பொறுப்பில் இருக்கும் விலங்குக்குத் தேவையற்ற வலி நேராமல் தடுப்பதை வளர்ப்பவரின் கடமை என்கிறது. நோயுற்ற நாயைப் பட்டினி கிடக்கும்படி எங்காவது விட்டுவிட்டு வருவதும், தெருவில் சாக விடுவதும் 11-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்! ஒரு டீ, வடை விலை. சட்டத்தின் இந்த வெட்கக்கேட்டைத் திருத்தச் சொல்லி ஆண்டுக்கணக்கில் குரல்கள் எழுகின்றன. 2014-இல் நாகராஜா வழக்கில், நமக்கெல்லாம் ஜல்லிக்கட்டுத் தீர்ப்பாகத் தெரிந்த அந்த வழக்கில், வலியிலிருந்தும் நோயிலிருந்தும் விடுதலை உள்ளிட்ட ஐந்து சுதந்திரங்களை உச்ச நீதிமன்றம் இதே பிரிவுகளோடு இணைத்து வாசித்தது. ஜல்லிக்கட்டுக்காகப் பின்னால் வந்த திருத்தம் நாய் வளர்ப்பவரின் கடமையைத் தொடவில்லை. விஷம் வைத்தோ அடித்தோ நாயைக் கொல்வது பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறைக்கு உரியது.

உங்களுக்கும் உரிமைகள் உண்டு. 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டப்படி பதிவு பெற்றவர்தான் மருத்துவம் பார்க்கலாம். சீட்டில் பதிவு எண் இல்லாதவரிடம் புற்றுநோயை ஒப்படைக்காதீர்கள். காசு கொடுத்துப் பெறும் கால்நடைச் சிகிச்சை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒரு சேவை, அதற்குப் பில் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. எக்ஸ்ரே, ரத்த அறிக்கை, பயாப்சி முடிவு எல்லாவற்றின் நகலையும் அன்றன்றே வாங்கி வையுங்கள். கவனக்குறைவு என்று தோன்றினால் மாநிலக் கால்நடை மருத்துவ கவுன்சிலில் நடத்தை குறித்துப் புகார் தரலாம், இழப்பீட்டுக்கு இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை. ஆனால் நாய் இறந்துவிட்டது என்பது மட்டுமே கவனக்குறைவுக்குச் சான்று ஆகாது, இந்த நோய் சரியான சிகிச்சையிலும் கொல்லும். மாதக்கணக்கில் நொண்டிய நாய்க்கு எக்ஸ்ரே எடுக்கவே சொல்லாமல் ஊசி மட்டும் போட்டது போன்ற தவறாக இருந்தால், இன்னொரு கால்நடை மருத்துவரின் எழுத்துப்பூர்வக் கருத்தோடு போனால்தான் வழக்கு நிற்கும். செலவு தாங்காதவர்களுக்குச் சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளும் இருக்கின்றன. வரிசை நீளம்தான், காலையிலேயே போக வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று கால் நாயை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று சங்கம் தீர்மானம் போட்டால், இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதலைக் காட்டுங்கள். பெரும்பான்மை ஒப்புதல் இருந்தாலும் வளர்ப்பு நாயைத் தடை செய்யவோ லிஃப்டை மறுக்கவோ கூடாது என்கிறது அது. காப்பீடு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய்க்குப் பணம் கிடைக்காது. நொண்டல் தொடங்கிய தேதி மருத்துவச் சீட்டில் எப்படிப் பதிவாகிறது என்பதில்தான் கோரிக்கை தேறுவதும் விழுவதும் இருக்கிறது. நிராகரித்தால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார், ஒரு மாதத்தில் தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். அந்த மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

மருந்துகள் எல்லாம் சேர்ந்தும் இரவில் தூங்க முடியவில்லை, எலும்பு முறிந்துவிட்டது, மூச்சு திணறுகிறது என்ற கட்டம் வந்தால் கருணைக்கொலை பற்றிப் பேசுவது பாவம் அல்ல, தள்ளிப்போடுவதே கொடுமை என்பது என் கருத்து. முதலில் ஆழ்ந்த மயக்கம், அதன் பிறகே இதயத்தை நிறுத்தும் மருந்து. விழித்திருக்கும் நாய்க்கு நேரடியாக மெக்னீசியம் சல்பேட்டையோ பொட்டாசியம் குளோரைடையோ செலுத்துவதற்குச் சம்மதிக்காதீர்கள். எந்த மருந்து, எந்த வரிசையில் என்று முன்கூட்டியே கேளுங்கள். தெருநாய்களுக்கான 2023-ஆம் ஆண்டு கருத்தடை விதிகளே மீட்க முடியாத நாயைத் தகுதியுள்ள கால்நடை மருத்துவர்தான் பென்டோபார்பிட்டல் போன்ற வலியில்லா முறையில், இன்னொரு நாயின் கண்ணெதிரே அல்லாமல், கருணைக்கொலை செய்ய வேண்டும் என்கின்றன. வீட்டு நாய்க்கு அதைவிடக் குறைவாக எதையும் ஏற்க வேண்டியதில்லை.

பென்டோபார்பிட்டல் இறந்த நாயின் உடலிலேயே தங்கிவிடும். குப்பைமேட்டிலோ ஏரிக்கரையிலோ போட்டால் அதைத் தின்னும் தெருநாயும் பருந்தும் சாகும். மாநகராட்சி அல்லது தொண்டு நிறுவனத்தின் எரியூட்டும் வசதியைக் கேளுங்கள். இல்லாவிட்டால் கிணற்றுக்கும் நீர்நிலைக்கும் தள்ளி, நாய்கள் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள். மிஞ்சிய ட்ரமடாலையும் கீமோ மாத்திரையையும் குப்பையில் போடாமல் மருத்துவமனையில் திருப்பிக் கொடுங்கள்.