முடிவு காணாத மாயலோகங்கள்

மாயக் கதைகளிலும் விஞ்ஞானக் கதைகளிலும் பற்றுள்ள இருவர் இக்காலத்தில் சந்தித்து ஒரு நாவலைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பாத்திரங்கள் உயிர்பெற்று நடமாடுகின்றனவா, ஆசிரியர் சிருஷ்டித்த உலகம் நம்பத்தக்கதாக இருக்கிறதா என்பன போன்ற வினாக்களுக்கெல்லாம் முன்னால், பாதயாத்திரையில் எதிர்ப்பட்டவர்கள் எந்த ஊர் தாண்டினீர்கள் என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வதைப்போல, எத்தனையாவது பாகத்தில் இருக்கிறீர்கள் என்ற வினாவே முதலில் எழுகிறது. ஒரு நூலைப் பற்றிய அபிப்பிராயம் அந்நூலை முடித்த பிறகு பிறக்க வேண்டியது என்ற பழைய நியதி, இந்த ஒரு துறையில் மட்டும் நம் கண்ணெதிரே தளர்ந்து போயிருக்கிறது.

அண்மையில் வாசித்த இத்தகைய நூல்களைப் பற்றி எழுதித் தரும்படி இப்பத்திரிகையின் ஆசிரியர் பணித்தபோது, எதைப் புகழ்வது, எதைக் குறை சொல்வது என்ற தயக்கம் எனக்கு உண்டாகவில்லை; மேஜைமீது அடுக்கி வைத்த நூல்களில் பாதியைப் பற்றித் தீர்ப்புக் கூறும் அதிகாரம் எவருக்கும் இன்னும் வரவில்லை என்பதே என்னை யோசிக்க வைத்தது. ஆகவே, ஒவ்வொரு நூலுக்கும் இத்தனை மதிப்பெண் என்று வழங்கிவிட்டு விடைபெறுவதைக் காட்டிலும், பாகம் பாகமாக நீண்டுகொண்டே போகும் இந்தப் பழக்கம் எங்கே பிறந்தது, அது வாசகனிடமிருந்து எதைப் பறித்துக்கொள்கிறது என்று விசாரிப்பதே தக்கதாகத் தோன்றுகிறது.

பிறப்பிடத்தை ஆராயப் புகுந்தால், அது இலக்கியக் கொள்கை எதிலும் அகப்படாமல், காகிதத்தின் விலையில் போய் நிற்கிறது. டோல்கீன் 1937-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுக்காலம் எழுதிய ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலை, ஆறு காண்டங்கள் கொண்ட ஒரே நூலாகத்தான் அவர் கருதினார். யுத்தத்திற்குப் பிந்திய இங்கிலாந்தில் காகிதம் அரிதாகவும் விலை மிகுந்ததாகவும் இருந்தமையால், ஒரே புத்தகமாக வெளியிட்டால் வாங்குவோரின் சக்திக்கு மிஞ்சிவிடும், விற்காமற் போனால் நஷ்டமும் பெரிதாகும் என்று அஞ்சிய பிரசுரகர்த்தர், அதை மூன்றாக வகுத்து, முதலிரண்டு பகுதிகளை 1954 ஜூலையிலும் நவம்பரிலும், மூன்றாவதை 1955 அக்டோபரிலும் வெளியிட்டார். இரண்டாம் பகுதியின் கடைசிப் பக்கத்தில் ஃப்ரோடோ பகைவர் கையில் சிக்கிக் கிடக்க, அவன் கதி என்னவாயிற்று என்பதை அறிய வாசகர்கள் பதினோரு மாதம் காத்திருக்க நேர்ந்தது. மூன்றாம் பகுதிக்கு ‘ரிட்டர்ன் ஆஃப் தி கிங்’ என்று பெயர் வைத்ததும் டோல்கீனுக்கு உவப்பாக இல்லை. அரசன் திரும்பி வருவான் என்று அட்டையே சொல்லிவிட்டால் உள்ளே எதிர்பார்ப்பதற்கு என்ன மிஞ்சும் என்பது அவருடைய மனக்குறை.

சந்தர்ப்பவசத்தால் நேர்ந்த அந்த ஏற்பாடு, நூல் அடைந்த பெரும் புகழின் காரணமாக, பின்வந்தவர்களுக்கு இலக்கணமாகவே ஆகிவிட்டது. மாயக் கதை என்றால் மூன்று பாகம் இருக்கவேண்டும் என்பது முதலில் வழக்கமாயிற்று; பிறகு மூன்று போதாமல் ஐந்தாயிற்று, ஏழாயிற்று, அதற்கும் மேலாயிற்று. ராபர்ட் ஜோர்டனின் ‘வீல் ஆஃப் டைம்’ 1990-இல் தொடங்கியது. 2007-இல் ஆசிரியர் காலமானபோது பதினோரு பாகங்கள் வெளிவந்திருந்தன, கதை முடிந்திருக்கவில்லை. அவர் விட்டுச் சென்ற குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் என்ற மற்றோர் எழுத்தாளர் எஞ்சியதை எழுத முற்பட, ஒரே பாகத்தில் அடங்கும் என்று கருதப்பட்ட அந்த எச்சம் மூன்று பாகங்களாகப் பெருகி, 2013-இல் பதினான்காவது பாகத்தோடு ஒருவாறு கரையேறியது.

என் தமக்கையின் மகன் அத்தொடரில் ஊறித் திளைத்தவன். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “பிரமாதம் மாமா! அந்தப் பத்தாவது பாகத்தை மட்டும் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படிச்சிடணும்” என்றான். பத்தாவது பாகத்தில் கதை நின்ற இடத்திலேயே நிற்கிறது என்பது, அத்தொடரை நேசிப்பவர்களே பரவலாக ஒப்புக்கொள்ளும் செய்தி. அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரு நூலைப் பல்லைக் கடித்துக்கொண்டு படிக்கவேண்டும் என்பதை ஒரு குறையாகச் சொல்லாமல், அடுத்ததற்குச் செல்லும் வழிச்செலவாகவே அவன் சொன்னான் என்பதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. ஒன்பது பாகங்களுக்குத் தன் இளமையின் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டவன் பத்தாவதைப் பற்றி நடுநிலையாகப் பேசுவது எங்ஙனம் கூடும்? நீதிபதியாக இருக்க வேண்டிய வாசகனை வழக்கறிஞனாக மாற்றிவிடுவதே நீண்ட தொடர்களின் முதல் தீங்கு.

இரண்டாவது தீங்கு, அபிப்பிராயத்தின் ஸ்தானத்தில் ஊகம் வந்து உட்கார்ந்துகொள்வது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ மூன்று பாகங்களாகத் திட்டமிடப்பட்டு, பின்னர் ஏழு என்று விரிந்தது. 1996, 1998, 2000 என்று இரண்டாண்டுக்கு ஒன்றாக வந்தவை, பிறகு 2005, 2011 என்று மெல்ல நடந்தன. ஆறாவது பாகம் இன்னும் வாசகர் கைக்கு வரவில்லை. இதற்காக ஆசிரியரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அத்தனை பெரிய ராஜ்யங்களையும் அத்தனை நூறு பாத்திரங்களையும் ஒருவர் தனித்துத் தாங்கி நிற்பதே அரிய செயல். ஆனால் அதைப் பற்றி இன்று நடைபெறும் சம்பாஷணைகளைக் கவனித்தால், எழுதப்பட்ட பக்கங்களைப் பற்றிய பேச்சு குறைந்து, எழுதப்படாத பக்கங்களைப் பற்றிய பேச்சே மேலோங்கி நிற்பதைக் காணலாம். போதாக்குறைக்கு, 2019-இல் தொலைக்காட்சித் தொடர் தனக்கென ஒரு முடிவைச் செய்துகொண்டு நிறைவடைந்துவிட, அந்த முடிவின்மேல் பலருக்கு உண்டான கோபம், இன்னும் எழுதி வெளிவராத நூலின் தலைமேலும் விழுந்துகொண்டிருக்கிறது.

விஞ்ஞானக் கதைகளும் இந்த வியாதிக்கு விலக்கல்ல. ஐசக் அசிமாவ் 1942 முதல் 1950 வரை ஒரு பத்திரிகைக்காக எழுதிய கதைகள், 1951 முதல் 1953 வரையில் ‘ஃபவுண்டேஷன்’ வரிசையின் மூன்று நூல்களாகத் தொகுக்கப்பட்டன. பேரரசு வீழும், இருண்ட காலத்தை ஆயிரம் ஆண்டாகக் குறுக்கலாம் என்று ஹாரி செல்டன் கணித்த அந்தக் கதைக்கு, 1966-இல் கிளீவ்லாந்தில் கூடிய உலக விஞ்ஞானக் கதை மாநாடு, எக்காலத்திற்கும் சிறந்த வரிசை என்று ஹியூகோ விருதை அளித்தது. தோற்ற வரிசைகளுள் டோல்கீனுடையதும் ஒன்று. முப்பதாண்டு மௌனத்திற்குப் பின் 1982-இல் அசிமாவ் அதைத் தொடர்ந்தார். 1986-இல் இன்னொரு பாகம் வந்தது. அதற்குப் பின் அவர் முன்னே செல்லாமல் பின்னே திரும்பி, செல்டனின் இளமைக் காலத்தை எழுதப் புகுந்தார். 1992-இல் அவர் மறைந்தபோது, கதையின் ஆயிரம் ஆண்டுகளில் பாதியே கடந்திருந்தது. எதிர்காலத்தைக் கணிதத்தால் அளந்து வைத்த கதைக்கே தன் எதிர்காலம் வசப்படவில்லை என்றால், மற்றவற்றின் கதியைச் சொல்ல வேண்டுவதில்லை.

எல்லாவற்றினும் பெரிய நஷ்டம் இனிமேற்றான் வருகிறது. கதையின் முடிவு என்பது கடைசிப் பக்கத்தில் நிற்கும் ஒரு சம்பவம் மாத்திரம் அன்று. அது பின்னோக்கி ஒளி வீசி, தொடக்கத்தில் அற்பமாகத் தோன்றியவற்றுக்கெல்லாம் பொருள் தருவது. ஊர்சுலா லெ குவின் 1968-இல் வெளியிட்ட ‘எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ’ ஏறத்தாழ இருநூறு பக்கத்தில் அடங்கிவிடும் நாவல். கான்ட் தீவில் ஆடு மேய்த்துத் திரிந்த கெட் என்னும் சிறுவன், மந்திரவித்தை பயிலும் இடத்தில் சக மாணவன் ஒருவனிடம் தன் வலிமையைக் காட்டும் செருக்கினால் மாண்டவர் உலகத்தின் வாயிலைத் திறந்துவிட, அவ்வழியே வெளிப்பட்ட நிழலொன்று அவனைத் தீவு தீவாகத் துரத்துகிறது. பிறகு, குருவின் சொற்படி, அவனே அதைத் துரத்துகிறான். கடைக்கோடிக் கடலில் அந்நிழலை அவன் எந்தப் பெயரால் அழைக்கிறான் என்பதை அறியும் கணத்தில்தான், அவன் எதனிடமிருந்து அத்தனை நாளும் ஓடினான் என்பது நமக்குப் புலப்படுகிறது. அந்த ஒரு கணத்தை விலக்கிவிட்டு அந்நாவலைப் பற்றி யார் என்ன அபிப்பிராயம் கூறிவிட முடியும்? லெ குவினும் அத்தீவுகளுக்குத் திரும்பத் திரும்பச் சென்றவர்தாம். கடைசி நூல் என்ற குறிப்போடு 1990-இல் ஒன்று வந்த பிறகும், 2001-இல் மேலும் இரண்டு வந்தன. ஆயினும், முதல் மூன்றில் எதை எடுத்து வாசித்தாலும் அது தன்னளவில் பூரணமாக நிற்கிறது.

அண்மையில் நான் வாசித்தவற்றுள் நெஞ்சை விட்டு நீங்காமல் இருப்பது, சுஸான்னா கிளார்க் 2020-இல் வெளியிட்ட ‘பிரனேசி’. தம் முதல் நாவலை எண்ணூறு பக்கம் விஸ்தாரமாக எழுதிய அவ்வம்மையார், பதினாறு ஆண்டு கழித்து, அதில் மூன்றிலொரு பங்கு அளவில் இரண்டாவதைத் தந்தார். அடுத்த ஆண்டே பெண் எழுத்தாளர்க்கான புனைகதைப் பரிசு அதற்குக் கிடைத்தது. முடிவில்லாத மண்டபங்களும் எண்ணிறந்த சிலைகளும் நிறைந்த ஒரு மாளிகை. அதன் கீழ்த்தளத்தில் கடல் புகுந்து அலைமோதுகிறது, மேல்தளத்தில் மேகங்கள் தவழ்கின்றன. அங்கே வாழும் ஒருவன், கடலேற்றம் வரும் நேரங்களைக் கணித்துக்கொண்டும், மாண்டவர் எலும்புகளுக்கு மலர் வைத்துக்கொண்டும், தான் கண்டவற்றையெல்லாம் குறிப்பேடுகளில் எழுதிக்கொண்டும் மனநிறைவோடு காலங்கழிக்கிறான். அவனுடைய குறிப்பேடுகளே அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லத் தொடங்கும் இடத்தில் கதை திரும்புகிறது. உலகமே முடிவற்ற மாளிகையாக இருந்தும், அதைப் பற்றிய நூல் இருநூற்று எழுபது பக்கத்துக்குள் முடிந்துவிடுகிறது என்பதை, பெரிய உலகத்துக்குப் பெரிய நூல் வேண்டும் என்று வாதிப்போர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அந்த மாளிகையைப் பற்றி இன்னும் பத்துப் பாகம் எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால், அதை இழக்கும்போது அம்மனிதன் படும் வேதனையில் நமக்குப் பங்கு இருந்திராது.

முடிவு வேண்டும் என்று நான் வற்புறுத்துவதால், எல்லா முடிச்சையும் அவிழ்த்துக் காட்டவேண்டும் என்று சொல்வதாகக் கொள்ளலாகாது. வெல்ஸ் 1895-இல் எழுதிய ‘டைம் மெஷின்’ நாவலில், 8,02,701-ஆம் ஆண்டைக் கண்டு மீண்ட பிரயாணி மறுபடியும் புறப்பட்டுப் போகிறான். மூன்றாண்டு கழிந்தும் திரும்பவில்லை. ருஷியாவின் ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்கள் 1972-இல் வெளியிட்ட ‘ரோட்சைட் பிக்னிக்’ நாவலில், வேற்றுலகத்தார் வந்து தங்கிப்போன இடத்தில் அவர்கள் போட்டுவிட்டுச் சென்ற விபரீதப் பொருள்களைத் திருடிப் பிழைக்கும் ரெட்ரிக், விருப்பத்தை நிறைவேற்றும் பொன்னுருண்டையின் எதிரே நிற்பதோடு கதை நின்றுவிடுகிறது. அவன் விருப்பம் பலித்ததா என்று ஒருவரும் சொல்லவில்லை. இவை திறந்த கதவுகள். அங்கே கதவைத் திறந்து வைத்தவர் ஆசிரியர். முடியாத தொடரிலோ கதவே இன்னும் செய்யப்படவில்லை. இரண்டையும் ஒன்றாக எண்ணி மயங்குவது கூடாது.

நெடுங்கதையின் சுகமே தனி, பழகிய உலகத்தில் நெடுநாள் வசிக்கும் இன்பத்தைச் சிறு நூல் தராது என்று சொல்வோர் உண்டு. டோல்கீனே பிற்பாடு ஒரு முன்னுரையில், தம் நூல் மிகவும் சிறியதாகிவிட்டது என்ற குறையைத் தாமும் ஏற்றுக்கொள்வதாக எழுதினார். அந்த இன்பத்தை நான் மறுக்கவில்லை. சீனத்தின் லியூ ட்சிசின், 2006-இல் பத்திரிகையில் தொடங்கிய ‘த்ரீ பாடி’ வரிசையை 2010-இல் மூன்றாம் பாகத்தோடு முடித்து, பிரபஞ்சத்தின் அந்திமக் காலம் வரைக்கும் கதையைக் கொண்டுபோய் நிறுத்தினார் என்பதைப் பார்க்கும்போது, நீளமும் நிறைவும் பகைவர்கள் அல்ல என்பது விளங்குகிறது. ஆனால் அவ்விரண்டையும் சேர்த்து வைக்க வல்லவர் ஒரு சிலரே.

வாரப் பத்திரிகைத் தொடர்களிலேயே கதை படிக்கக் கற்றுக்கொண்ட தமிழ் வாசகருக்கு, காத்திருத்தல் புதிதன்று. நிலாவும் ஜீனோ என்ற இயந்திர நாயும் சிபியைத் தேடி அலைந்த ‘என் இனிய இயந்திரா’ அவ்வாறு வாரந்தோறும் வெளிவந்ததே. சுஜாதா பின்னர் ‘மீண்டும் ஜீனோ’ எழுதினார். ஆனால் அங்கே அடுத்த வாரம் உறுதி. அடுத்த தொடருக்கு இடம்விட வேண்டியிருந்தமையால் முடிவும் உறுதி. ஒரு வாரக் காத்திருப்பு ஆவலை வளர்த்தது. பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்போ, கதையின் பாதியை மறக்கச் செய்து, மீண்டும் முதலிலிருந்து வாசிக்கும் தண்டனையை விதிக்கிறது. இன்னொரு கவலையும் உண்டு: இருநூறு பக்க நூலைத் தமிழில் பெயர்த்துத் தர ஒருவர் துணியலாம், பதினான்கு பாகங்களுக்கு முன்னால் எவர் துணிவார்? உலகின் சிறந்த மாயக் கற்பனைகள் நம்மொழிக்கு வராமற் போவதற்கு அவற்றின் பருமனே போதுமான காரணமாகிவிடும்.

ஆகையால், பிரசுரகர்த்தர்கள் முதல் பாகத்தின் அட்டையிலேயே மொத்தம் எத்தனை பாகம், கடைசிப் பாகம் எழுதப்பட்டுவிட்டதா என்ற இரண்டு விவரங்களையும் அச்சிட வேண்டும். நூலைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல வருவோரும் தம் முதல் வாக்கியத்திலேயே கதை முடிந்ததா இல்லையா என்பதைத் தெரிவித்துவிட வேண்டும். எதிலிருந்து தொடங்கலாம் என்று இளைஞர்கள் என்னைக் கேட்டால், கடைசிப் பாகம் வெளிவந்துவிட்ட தொடர்களைத் தவிர வேறெதையும் நான் சொல்வதாக இல்லை. அதற்கும் முன்னால், ‘எர்த்ஸீ’யின் முதல் நூலையோ ‘பிரனேசி’யையோ ஒரு வாரத்தில் வாசித்து முடித்துவிட்டு வரச் சொல்வேன், மறுவாரமே இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, நூல் முழுவதையும் அறிந்தவர்களாக, மனம்போலச் சண்டை போடலாம்.