ஆயிரத்து அறுநூறு ரூபாய் லாபம்!

போன மே மாசம் ஒரு கணக்குப் போட்டேன். பி.காம். படித்தவன் போட்ட கணக்கு. 1,600 ரூபாய் மிச்சம். அப்புறம்தான் வந்தது வினை!

என் மூன்று வயசுப் பையனைப் பகலில் பார்த்துக்கொள்வது பக்கத்துத் தெரு அக்கா. காலை எட்டரைக்கு விட்டால் சாயங்காலம் ஆறரைக்குக் கூட்டி வரணும். மாசம் 4,000 ரூபாய். 'ஆபீஸிலேயே குழந்தைகள் காப்பகம் கிடையாதா?' என்பீர்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் அது இருக்கணும் என்று 2017-ல் சட்டத்தையே திருத்தினார்கள். எங்கள் ஆபீஸில் வாட்ச்மேனையும் சேர்த்து 22 பேர்! ஆக, அக்காதான் கதி.

மே மாசம் பத்து நாள் மாமியார் ஊருக்குப் போனோம். திரும்பி வந்ததும் 4,000-ஐ 25 நாளால் வகுத்து, பத்தால் பெருக்கி, 1,600-ஐக் கழித்துக்கொண்டு, மீதி 2,400-ஐ அக்கா கையில் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பேசினார்.

"தம்பி, அடுத்த மாசத்துலேருந்து பையனுக்கு வேற இடம் பாத்துக்குங்க. நான் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போறேன். அங்க லீவு எடுத்தாலும் சம்பளம் உண்டாம்."

வீட்டில் என் மனைவி பார்த்த பார்வை இருக்கிறதே... "யார் வேலையை விடறது? நீங்களா, நானா?" என்று ஒரே கேள்விதான். ராத்திரி தூக்கம் போச்சு.

மறுநாள் பேப்பர், பேனாவோடு அக்கா வீட்டில் போய் உட்கார்ந்தேன். இந்தத் தடவை போட்டது அவர் பக்கத்துக் கணக்கு.

நாலு குழந்தைகள். வரவு 16,000. பால், பழம், பிஸ்கட் 3,000. கேஸ், கரண்ட் 1,200. சோப்பு, ஃபினாயில், உடைந்த பொம்மை வகையறா 800. செலவு 5,000 போக, நிற்பது 11,000. தினம் பத்து மணி நேரம், 25 நாள். ஆக 250 மணி நேரம். வகுத்தால் மணிக்கு 44 ரூபாய். அதுவும் நாலு பேருக்கும் சேர்த்து! என் பையன் பங்கு 11 ரூபாய். எங்கள் ஆபீஸ் வாசலில் டீயே அதைவிட ஜாஸ்தி.

சரி, நான் கழித்த 1,600? பையன் ஊரில் இருந்தபோது அக்காவுக்கு மிச்சமானது அவன் பால், பழம் மட்டும்தான். மாசம் 750 ரூபாயில் பத்து நாளுக்கு 300. அவன் இடத்தில் பத்தே நாளைக்கு வேறு குழந்தையைச் சேர்க்கவும் முடியாது. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனால் வாடகையில் கழிக்கிறோமா என்ன?

இதில் கொடுமை என்னவென்றால், அந்தப் பத்து நாளும் எனக்கு ஆபீஸில் சம்பளத்தோடு லீவு!

புதுசாக ஒரு பேப்பரில் எழுதினோம். அக்காவுக்கு மணிக்கு 60 ரூபாயாவது நிற்கணும். அப்படியானால் 15,000. செலவு 5,000. நாலால் வகுத்தால் தலைக்கு 5,000. முதல் தேதியே அட்வான்ஸ். குழந்தை வராத நாளுக்குப் பால் காசு மட்டும் கழிவு. அக்காவுக்கு வருஷத்தில் 12 நாள் சம்பளத்தோடு லீவு. நிறுத்துவதென்றால் இரண்டு பக்கமும் ஒரு மாச நோட்டீஸ். மற்ற மூன்று வீட்டிலும் நானே பேசினேன். ஒருத்தர் முனகினார். வேறு இடங்களில் விசாரித்துவிட்டு மறுநாளே சரி என்றார்.

பாக்கி இருந்தது லேட் விவகாரம். "அரை மணி லேட்டானா ஐம்பது ரூபாய் ஃபைன் போடுங்கக்கா" என்றேன். சொன்ன பிறகுதான் எப்போதோ படித்தது ஞாபகம் வந்தது. இஸ்ரேலில் ஹைஃபா நகரத்துக் காப்பகங்கள் ஆறில் இப்படித்தான் ஃபைன் போட்டுப் பார்த்தார்கள். க்னீஸி, ரஸ்டிசினி என்ற இரண்டு பேர் செய்த அந்த ஆய்வு 2000-ல் வெளியானது. லேட்டாக வருபவர்கள் குறைந்தார்களா? சுமார் இரண்டு மடங்கானார்கள்! 'அதான் காசு கொடுக்கறோமே' என்று கூச்சமே போய்விட்டது. ஃபைனை எடுத்த பிறகும் அந்தக் கூச்சம் திரும்பவில்லை.

அக்கா சிரித்தார். "காசெல்லாம் வேணாம் தம்பி. மூணு தடவை லேட்டா வந்தா, ஒரு சனிக்கிழமை நீங்களே வந்து ஒரு மணி நேரம் நாலு பேரையும் பாத்துக்குங்க. நான் கோயிலுக்குப் போயிட்டு வரேன்."

கம்பெனி வேலை கேன்சல். பையன் தப்பித்தான். மாட்டியது நான். கிண்டி டிராபிக்கின் உபயத்தில் ஒரே மாசத்தில் மூன்று லேட்!

சனிக்கிழமை போனேன். ஒன்று அழுதது. அதைத் தூக்கினால் இன்னொன்று அழுதது. மூன்றாவது, என் சட்டைப் பையிலிருந்த பேனாவை வாயில் வைத்தது. நாலாவது என் பையன்தான். வாசல் கதவைத் திறந்துகொண்டிருந்தான்.

ஒரு மணி நேரம்தான். 44 ரூபாய் என்ன, 440 கொடுத்தாலும் நான் அந்த வேலைக்குப் போக மாட்டேன்.

இப்போதெல்லாம் ஆறே காலுக்கே அக்கா வீட்டு வாசலில் நிற்கிறேன்!