முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் மருத்துவரைத் தேடுதல்

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் அறுவை சிகிச்சைக்குப் போக நினைக்கும் குடும்பத்தினர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இந்த டாக்டர் காப்பீட்டு அட்டையை ஏற்றுக்கொள்வாரா?" என்பதே. இதற்கு நேரான விடை கிடைப்பது அரிது. இத்திட்டம் அங்கீகரிப்பது மருத்துவமனையையும் அங்குள்ள குறிப்பிட்ட சிறப்புத் துறைகளையும் தான். மருத்துவர் அதற்குள் அடங்குகிறார்.

2009 ஜூலையில் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டம் இதற்கு முன்னோடி. இப்போதைய திட்டம் 2012 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பெயர் மாறினாலும் ஊர்ப்புறங்களில் இதைக் 'கலைஞர் காப்பீடு' என்றே சொல்பவர்கள் உண்டு. 2018இல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டபின், குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம் என்றானது. 72,000 ரூபாயாக இருந்த குடும்ப ஆண்டு வருமான வரம்பு பின்னர் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

தனியார் மருத்துவமனைகளில் சிறப்பு மருத்துவர்கள் பலர் ஒரே இடத்தில் பணியாற்றுவதில்லை. ஒரு இதய மருத்துவர் காலையில் ஒரு மருத்துவமனையிலும் பிற்பகலில் வேறொன்றிலும் நோயாளிகளைப் பார்ப்பார். மாலையில் சொந்தக் கிளினிக்கில் இருப்பார். முதல் மருத்துவமனை இதய சிகிச்சைக்கு அங்கீகாரம் பெற்றிருந்தால், அங்கே அவர் செய்யும் ஆஞ்சியோபிளாஸ்டிக்குக் காப்பீடு உண்டு. அதே மருத்துவர், அதே சிகிச்சை, ஆனால் இரண்டாவது மருத்துவமனை பட்டியலில் இல்லையென்றால் முழுத் தொகையும் நோயாளியின் கையிலிருந்தே போகும். மருத்துவமனை பட்டியலில் இருந்தும் அந்தத் துறை இல்லாமற்போவதும் உண்டு. வாசலில் திட்டத்தின் பலகை தொங்குகிறது என்பது கண் சிகிச்சைக்கு மட்டுமான அங்கீகாரமாகவும் இருக்கலாம்.

எனவே தேடலை நோயிலிருந்து தொடங்குவதே நல்லது. எந்தச் சிகிச்சை தேவை என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, அது திட்டத்தின் சிகிச்சைப் பட்டியலில் உள்ளதா, மாவட்டத்தில் எந்த மருத்துவமனைகள் அத்துறைக்கு அங்கீகாரம் பெற்றவை என்று பார்க்க வேண்டும். திட்டத்தின் இணையதளத்திலும் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலும் இதைக் கேட்டறியலாம். சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றுக்குத் தனியார் மருத்துவமனைகளில் அலைவது வீண். மருத்துவமனை முடிவான பிறகே, அங்கு அத்துறையில் யார் இருக்கிறார், எந்த நாட்களில் வருகிறார் என்று விசாரிப்பதில் பொருள் உண்டு.

அங்கு போனதும் பார்க்க வேண்டியது, வரவேற்பு மேசையை விட, காப்பீட்டுப் பிரிவில் இருக்கும் திட்ட அலுவலரை. குடும்ப அட்டை, ஆதார், காப்பீட்டு அட்டை, பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றைக் கொண்டு அவர்களே முன் ஒப்புதலுக்கு விண்ணப்பிப்பார்கள். ஒப்புதல் கிடைத்த சிகிச்சைக்குரிய தொகை மருத்துவமனைக்கு நேரடியாகச் செல்லும். பலருக்கு இடறும் இடம் இதுவே: இது பணமில்லாச் சிகிச்சைத் திட்டம். முன்னதாகப் பணம் கட்டிச் சிகிச்சை முடித்துவிட்டு, ரசீதைக் காட்டித் திரும்பப் பெறலாம் என்று எண்ணிக் கடன் வாங்கியவர்கள் ஏமாற நேரிடும். கிளினிக்கில் கட்டும் ஆலோசனைக் கட்டணமும் இதில் சேராது.

அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்குமான நலவாழ்வுக் காப்பீட்டுத் திட்டம் வேறு. அதன் மருத்துவமனைப் பட்டியலும் வேறு. "இங்கே இன்ஷூரன்ஸ் உண்டா?" என்று மட்டும் கேட்டால் "உண்டு" என்ற பதில் எந்தத் திட்டத்தைக் குறிக்கிறது என்பது தெரியாது. திட்டத்தின் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும்.

அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை, ஒப்புதல் வழங்கப்பட்ட சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் அதே கட்டணமில்லா எண்ணிலோ மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ புகார் செய்யலாம். கேட்ட தொகைக்கு ரசீது வாங்கி வைத்திருந்தால் புகாருக்கு வலு கூடும்.