ஒரே நூல், இரண்டு நிறம்!

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணிக்கு அருகே பட்டு நெசவு நடக்கும் ஊர் தேவிகாபுரம். அங்கே ஒரு தறியில், மஞ்சள் சேலையின் நடுவே சாம்பல் நிறக் கோடுகள் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். பக்கத்துத் தறியில் அதே சிட்டத்து நூல் நீலச் சேலையில் ஓடுகிறது. இரண்டையும் விரித்துப் பார்த்தால், மஞ்சளின் நடுவே உள்ள சாம்பல் லேசாக நீலம் பூத்திருக்கும். நீலத்தின் நடுவே உள்ளது மஞ்சள் படிந்திருக்கும். "சாயம் சரியில்லை" என்று சாயக்காரர் மேல் பழி விழலாம். பாவம், அவர் என்ன செய்வார்? ஏமாற்றியது நம் கண்தான்!

இப்படிப்பட்ட பழி ஒருமுறை உண்மையாகவே எழுந்தது. பாரிஸ் நகரில் கோபெலின் என்ற புகழ்பெற்ற சித்திரத்திரை நெசவுக்கூடம் உண்டு. 1824இல் அதன் சாயப் பிரிவுக்குத் தலைவரானவர் ஷெவ்ரல் என்ற வேதியியல் அறிஞர். கறுப்புச் சாயம் வலுவாக இல்லை என்று அவரிடம் புகார் வந்தது. வேறு பட்டறைகளின் கறுப்பு நூலோடு ஒப்பிட்டார். சாயத்தில் குறையே இல்லை. கறுப்பைச் சோகையாகக் காட்டியவை அதன் அருகே நெய்த நீலமும் ஊதாவும்! இந்த ஆராய்ச்சியை 1839இல் நூலாக வெளியிட்டார். (102 வயது வரை வாழ்ந்தவர் இவர்.)

நீங்களும் செய்து பாருங்கள். தறி வேண்டாம், தாள் போதும். ஒரே சாம்பல் நிற அட்டையிலிருந்து விரல் அகலத்தில் இரு துண்டுகள் வெட்டுங்கள். ஒன்றைப் பளிச்சென்ற மஞ்சள் தாளின் நடுவிலும், மற்றொன்றை நீலத் தாளின் நடுவிலும் ஒட்டி, அருகருகே வையுங்கள். வேறுபாடு சரியாகத் தெரியவில்லையா? புதுச் சட்டைப் பெட்டிக்குள் இருக்குமே, மெல்லிய வெள்ளைத் தாள், அதை இரண்டின் மேலும் விரியுங்கள். விளிம்புகள் மங்கியதும் ஏமாற்றம் கூடிவிடும்.

இனி மெல்லிய தாளை எடுத்துவிட்டு, ஒரு பழைய அஞ்சலட்டையில், சாம்பல் துண்டுகள் மட்டும் தெரியும்படி இரு துளைகள் இட்டு மேலே வையுங்கள். சுற்றியுள்ள நிறம் மறைந்ததும் இரண்டும் ஒன்றாகிவிடும்!

காரணம் என்ன? கண் எந்த நிறத்தையும் தனியே அளப்பதில்லை. அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டே அறிகிறது. சுற்றிலும் மஞ்சள் மிகுந்தால், விழித்திரையிலும் மூளையிலும் உள்ள நரம்பணுக்கள் நடுவிலுள்ள துண்டின் மஞ்சள் உணர்வை அடக்கிவிடுகின்றன. மஞ்சளுக்கு எதிர்நிறமான நீலம் அங்கே தலைதூக்குகிறது.

சிவப்புத் தாளில் ஒட்டினால் சாம்பல் எந்தச் சாயல் காட்டும்? முதலில் ஊகித்து எழுதி வைத்துக்கொண்டு, பிறகு ஒட்டிப் பாருங்கள்.