கோழிப்பண்ணைத் தொட்டியில் குளோரின் எங்கே போகிறது?

நாமக்கல் பக்கம் பஸ்ஸில் போகும்போது நீளநீளமான கோழி ஷெட்டுகளைப் பார்த்திருப்பீங்க. பக்கத்திலேயே ஒரு தண்ணீர்த் தொட்டி நிற்கும், அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முட்டைக்கோழி ஒன்று ஒரு நாளைக்குச் சுமார் கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும். சித்திரை வெயிலில் இன்னும் கூடும். லட்சம் கோழி உள்ள பண்ணைக்கு வெயில் காலத்தில் தினமும் 30,000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். தொட்டியும் அதே அளவு.

ஒரு லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் வேணும்னா மொத்தம் 60 கிராம். பிளீச்சிங் பவுடரில் 25 சதவீதம்தான் குளோரின் என்றால் 240 கிராம் பவுடர் போடணும். (மூட்டையைத் திறந்தே வைத்திருந்தால் சதவீதம் இன்னும் இறங்கியிருக்கும்.) கணக்கு முடிஞ்சுதுன்னு நினைக்கிறோம். இல்லை, இங்கேதான் ஆரம்பிக்குது.

பவுடர் கரைசலை ஊற்றினதும் தொட்டி முழுக்க ஒரே சீராகப் பரவாது. அதனால் எக்செல்லில் தொட்டியை ரெண்டாகப் பிரிப்போம்: நன்றாகக் கலக்கும் பகுதி 24,000 லிட்டர், தண்ணீர் அசையாத மூலை 6,000 லிட்டர். ரெண்டுக்கும் நடுவே மணிக்கு 300 லிட்டர்தான் மாறிக்கொள்கிறது என்று எடுத்துக்குவோம். இந்த எண்கள் என் அனுமானம், உங்க தொட்டிக்கு மாறும். ஒவ்வொரு பகுதியிலும் குளோரின் மாறும் வேகம் என்பது, ரெண்டு பகுதிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பரிமாற்ற அளவால் பெருக்கி, அந்தப் பகுதியின் கொள்ளளவால் வகுத்தது. அவ்வளவுதான் சமன்பாடு.

இரவு லைட் அணைந்ததும் கோழி குடிக்காது. அப்போது கரைசலை ஊற்றுகிறோம். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் கலக்கும் பகுதியில் 2.48, மூலையில் வெறும் 0.06. பைப்பில் பிடித்துச் சோதித்தால் எல்லாம் சரின்னுதான் காட்டும்! எட்டு மணி நேரம் கழித்து விடியும்போதும் மூலையில் 0.79தான்.

இப்போது மூலையிலிருந்து தண்ணீரை உறிஞ்சி மறுபக்கம் விடும் மறுசுழற்சிப் பம்பு ஒன்றை, மணிக்கு 6,000 லிட்டர் அளவில், சேருங்க. மூலையில் அரை மணியில் 0.93, ரெண்டரை மணிக்குள் தொட்டி கிட்டத்தட்ட ஒரே சீராகிவிடும்.

ஒரு எச்சரிக்கை: சோம்பேறித்தனமாக நேர இடைவெளியை 2 மணி என்று வைத்தால் ரெண்டாவது வரியிலேயே மூலையில் மைனஸ் 2.5 மில்லிகிராம் குளோரின் வரும். தொட்டி கெட்டுப்போகவில்லை, நம்ம இடைவெளிதான் பெரிசு. 5 நிமிஷம் வையுங்க.

இதையெல்லாம் பண்ணைக்காரர் ஏன் கவலைப்படணும்? ராணிக்கெட் நோய்க்கான உயிருள்ள தடுப்பூசி மருந்தைக் குடிநீரிலேயே கலந்து கொடுப்பாங்க. குளோரின் அந்த வைரஸையும் கொன்றுவிடும். அதனால் முன்கூட்டியே குளோரினை நிறுத்தணும். "ஒரு நாள் நிறுத்திட்டோம், தொட்டித் தண்ணி முழுசா மாறிடுச்சு" என்பதுதான் வழக்கமான பேச்சு. மாறாது. நன்றாகக் கலந்த தொட்டியில் மணிக்கு 1,250 லிட்டர் வீதம் 24 மணி நேரம் புதுத் தண்ணீர் விட்டாலும் 37 சதவீதம் பழைய குளோரின் நிற்கும், அதாவது 0.74. பம்பு இல்லாத தொட்டியில் மூலையில் 1.35. வெயிலும் அழுக்கும் கொஞ்சம் தின்றுவிடும் என்பது உண்மை, இந்தக் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. ஆனால் அதை நம்பித் தடுப்பூசி போட முடியுமா? மிச்சக் குளோரினை அடக்கத் தயோசல்பேட்டோ, கொழுப்பு நீக்கிய பால் பவுடரோ சேர்ப்பதும், தடுப்பூசிக்கென்று தனியாகச் சின்ன டேங்க் வைப்பதும் இதனால்தான்.

போர் தண்ணீரின் பி.எச்.-ஐயும் பாருங்க. 7.5-ல் குளோரினில் பாதிதான் வீரியமான வடிவில் இருக்கும், 8.5-ல் பத்தில் ஒரு பங்கு. மில்லிகிராம் சரியாக இருந்தும் கிருமி சாகாமல் போவது இப்படித்தான்.

எக்செல் பிடிக்கலைன்னா அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் இலவச மென்பொருள் எபாநெட் இருக்கு. முழுக் கலப்பு, ரெண்டு பகுதி என்று தொட்டி மாதிரிகள் அதில் தயாராகவே உண்டு. முதலில் பம்பு உறிஞ்சும் வாயை மூலையிலிருந்து எடுத்து, கலக்கும் பகுதியிலேயே வைத்து ஓட்டிப் பாருங்க. கரண்ட் அதேதான் செலவாகும், மூலையில் அதே 0.06 நிற்கும்.