'7-னு போடுடா' சொன்னா போதுமா? பக்கத்து சீட் டீச்சருக்கு கம்ப்யூட்டர் எப்படி உதவுது?

கமலாவிடம் 12 மாம்பழம். அது மாலாவிடம் இருப்பதைவிட 5 அதிகம். அப்போ மாலாவிடம் எத்தனை?

'அதிகம்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் கூட்டி, 17 என்று எழுதும் குழந்தைகள் ஏராளம். (அவசரத்துல நாமளும் அப்படித்தான் போடுவோம்!) கூட்டத் தெரியாததால் வந்த தப்பு இல்லை இது. கதை புரியாததால் வந்த தப்பு. 40 பேர் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து இதைப் பேச ஒரு டீச்சரால் முடியாது. ஆனா, பக்கத்து சீட் ஃப்ரெண்டால் முடியும்.

நம்ம ஊர் ஐடியாதான்

திண்ணைப் பள்ளி சட்டாம்பிள்ளை ஞாபகம் இருக்கா? 18-ம் நூற்றாண்டின் கடைசியில், சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மாணவர்களை வைத்தே மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகவும் போட்டார். 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பெயரில் அந்த முறை இங்கிலாந்து வரை போனது. ஸ்காட்லாந்தில் இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பள்ளி இருக்கிறது.

அப்போ சிக்கல் எங்கே?

பசங்க சொல்லித் தருவதில்லை, விடையைக் கொடுத்துவிடுகிறார்கள். "17 இல்லடா, 7-னு போடு." அவ்வளவுதான், முடிஞ்சது. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் நோரீன் வெப் பல ஆண்டுகள் குழுக்களாகக் கணக்குப் போடும் மாணவர்களைக் கவனித்தவர். விளக்கிச் சொல்லும் குழந்தை நன்றாகக் கற்றுக்கொள்கிறது. வெறும் விடையை வாங்கிக்கொள்ளும் குழந்தைக்கு எந்தப் பலனும் இல்லை என்பது அவர் கண்டது.

கம்ப்யூட்டர் செய்யும் வேலை

இங்கேதான் சுவாரஸ்யம். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் எரின் வாக்கர் குழு உருவாக்கிய மென்பொருள், கணக்குப் போடுபவருக்குப் பாடம் எடுக்காது. சொல்லித் தருபவரைக் கவனிக்கும். நண்பனின் தப்பான ஸ்டெப்புக்கு அவர் 'சரி' போட்டால் எச்சரிக்கும். சாட்டில் ஒரு வரி அனுப்பும்போது, அது 'ஏன் என்று கேட்பதா', 'குறிப்பு தருவதா', 'தப்பை விளக்குவதா' என்று அவரே தேர்ந்தெடுக்கலாம். சும்மா விடையைத் தள்ளிவிடாமல் இருக்க இது ஒரு சின்ன பிரேக். நம்ம மாம்பழக் கணக்கில் இதே பிரேக் இருந்தால், "7" என்பதற்குப் பதில் "யார்கிட்ட அதிகமா இருக்கு, கமலாவா மாலாவா?" என்ற கேள்வி வரலாம். அந்த ஒரு கேள்வி போதும், 17 தானாகவே அழிந்துவிடும்.

அந்த மென்பொருள் உயர்நிலைப் பள்ளி அல்ஜீப்ராவுக்கானது. தொடக்கப் பள்ளிக்கென தைவானில் 'ஜி-மேத்' என்ற சிஸ்டத்தை உருவாக்கினார்கள். கணக்கு, குறியீடுகள், உரையாடல் எல்லாம் ஒரே திரையில், இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே நேரத்தில்.

டேப்லெட் வாங்கினா போதுமா?

போதாது. எட்டு வயசுக் குழந்தைக்கு டைப் பண்றதே தனி வேலை. பேசினால் பத்து நொடியில் முடியும் விளக்கத்தை எழுத்து எழுத்தாகத் தட்டுவதற்குள் பொறுமை போய், "7" என்று மட்டும் அனுப்பிவிடும். வகுப்பில் எப்பவும் ஒரே பையன் 'சார்', இன்னொருவன் 'மக்கு' என்று ஆகிவிட்டாலும் கதை கெட்டது. சொல்லித் தருபவருக்குத்தான் லாபம் அதிகம் என்றால், அந்த நாற்காலியில் எல்லாரும் உட்காரணும்.

உங்க குழந்தையின் பள்ளியில் இப்படி ஓர் ஆப் அறிமுகமானால், விடையை எவ்வளவு வேகமாகக் காட்டுது என்று பார்க்காதீங்க. "17 எப்படி வந்துச்சு?" என்று ஃப்ரெண்டைக் கேட்க வைக்குதா என்று பாருங்க.